திருவையாற்றுப் பகுதி வாழைச் சாகுபடியில் வானிலையின் தாக்கம்

திருவையாற்றுப் பகுதி வாழைச் சாகுபடியில் வானிலையின் தாக்கம் என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட படுகை நிலங்களிலும் அவற்றை ஒட்டிய நன்செய் நிலங்களிலும் பயிராகும் வாழையின் வளர்ச்சி, தாரின் அளவு, பழத்தின் தரம், இலையின் தரம் ஆகியவற்றை வெப்பநிலை, மழை, காற்று, ஆற்று நீர்வரத்து ஆகியவை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதைக் குறிக்கும். நெல்லுக்குப் பெயர்பெற்ற தஞ்சைப் பகுதியில் வாழை, வெற்றிலை, கரும்பு, தென்னை ஆகியவை ஆற்றங்கரை ஊர்களின் முதன்மைப் பயிர்களாக உள்ளன. இவற்றுள் வானிலைக்கு மிகவும் ஆட்படுவது வாழையே ஆகும். ஓராண்டு முழுவதும் வளர்த்த தோட்டம் ஒரு மாலைநேரச் சூறைக்காற்றில் சாய்ந்துவிடக்கூடும் என்பதால், இப்பகுதி விவசாயிகளின் நடவு மாதம், வகைத் தெரிவு, அறுவடைக் காலம் ஆகிய அனைத்தும் வானிலையைக் கணக்கிட்டே அமைகின்றன.

இடமும் தட்பவெப்பமும்

திருவையாறு தஞ்சாவூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் காவிரியின் வடகரையில் அமைந்துள்ளது. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஆகிய ஐந்து ஆறுகள் அருகருகே ஓடுவதால் ஊருக்கு இப்பெயர் ஏற்பட்டது என்பர். ஊருக்கு வடக்கே கொள்ளிடம் ஓடுகிறது. காவிரியில் வரும் மிகை வெள்ளம் கொள்ளிடத்தின் வழியாகவே கடலுக்குச் செல்கிறது.

ஆற்றின் கரைக்கும் நீரோட்டத்திற்கும் இடையில், வெள்ளம் படிய வைத்த வண்டல் மண்ணால் ஆன மேட்டுநிலம் படுகை எனப்படும். படுகை மண் ஆழமானது, வளமானது, நீர் எளிதில் வடியும் தன்மையது. வாழைக்கு இதைவிட உகந்த மண் அமைவது அரிது. ஆனால் ஆற்றில் பெருவெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவதும் இதே நிலம்தான்.

தஞ்சாவூர் வட்டாரத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,000 மி.மீ. ஆகும். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. சனவரி முதல் மே வரை மழை மிகக் குறைவு. மே மாதப் பகல் வெப்பநிலை சில நாட்களில் 40 பாகை செல்சியசைத் தொடும். சனவரி மாத இரவுகளில்கூட வெப்பநிலை பொதுவாக 20 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே இங்கு வாழைக்குக் குளிரால் ஏற்படும் இடர் மிகவும் குறைவு. வெயில், காற்று, நீர் ஆகிய மூன்றே இங்கு முக்கியமானவை.

ஓய்வு இல்லாத பயிர்

பீச், ஆப்பிள், பேரி போன்ற குளிர்ப்பகுதிப் பழமரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குநிலையில் இருக்கும். குறிப்பிட்ட அளவு மணி நேரக் குளிரைப் பெற்ற பின்னரே அவற்றின் மொட்டுகள் ஒழுங்காக விரியும். பீச் வகைகளிற் பலவற்றுக்கு 7 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிர் நூற்றுக்கணக்கான மணி நேரம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மட்டும் குறைந்த குளிர் போதுமான பீச் வகைகள் பயிராகின்றன. காவிரிச் சமவெளியில் ஒரு பீச் மரம் உயிரோடு இருந்தாலும் அது முறையாகப் பூப்பதில்லை.

வாழை இதற்கு நேர்மாறானது. அது மரமன்று, மிகப்பெரிய செடியே ஆகும். தண்டு போலத் தோன்றுவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலைப்பட்டைகளின் தொகுப்பு. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக உள்ளது. வாழைக்கு உறங்குநிலை கிடையாது. பகற்பொழுதின் நீளமும் அதன் பூப்பை முதன்மையாகத் தீர்மானிப்பதில்லை. போதிய இலைகளை விட்டு முடித்ததும், எந்த மாதமானாலும், கிழங்கின் உச்சியில் பூமுனை தோன்றிப் பொய்த்தண்டின் நடுவே மேலேறி வெளித்தள்ளும். எனவே பீச் மரத்திற்குப் பருவத்தை இயற்கை வகுத்துக் கொடுக்கிறது. வாழைக்குப் பருவத்தை நடுபவரே வகுக்க வேண்டியுள்ளது. நடவு மாதம் பிழையானால் அதன் விளைவு ஓராண்டு கழித்தே தெரியவரும்.

வெப்பநிலை

வாழையின் வளர்ச்சிக்கு ஏற்ற சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு ஆகும். புதிய இலைகள் வெளிவரும் வேகம் 30 பாகையை ஒட்டி மிகுதியாக உள்ளது. 16 பாகைக்குக் கீழே இலை வெளிவருவது பெரிதும் மந்தமடைந்து, 14 பாகையளவில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மறுபுறம் 38 பாகைக்கு மேல் வளர்ச்சி தடைப்படும். இலை ஓரங்கள் கருகத் தொடங்கும். வெப்பமான மாதங்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஓர் இலை என்ற கணக்கில், தார் தள்ளுவதற்கு முன் ஒரு வாழை 30 முதல் 40 இலைகள் வரை விடுகிறது.

தார் தள்ளிய பின் வாழை புதிய இலை எதையும் விடுவதில்லை என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. கடைசி இலைக்குப் பின் வருவது பூவே. அந்நாளில் செடியில் எஞ்சியுள்ள பசுமையான இலைகளைக் கொண்டே காய்கள் முழுவதும் பருக்க வேண்டும். காய்கள் நன்கு பருக்கக் குறைந்தது எட்டு நல்ல இலைகள் தேவை எனக் கருதப்படுகிறது. வெயிலில் கருகியோ, காற்றில் கிழிந்தோ, இலைப்புள்ளி நோயால் காய்ந்தோ போன இலைக்கு அதன்பின் மாற்று இல்லை.

காய் முற்றுவதற்கான காலத்தையும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் கேவண்டிசு வகையை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு நாளும் 14 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கூட்டிவந்து, அத்தொகை 900 பாகை-நாட்களை எட்டும்போது தார் அறுவடைக்கு ஏற்றதாகிறது என்று கணக்கிட்டனர். அவ்வளவு வெப்பம் சேர வெப்பமண்டல நாடுகளில் ஏறத்தாழ மூன்று மாதங்களும், குளிர்காலம் உள்ள நாடுகளில் ஆறு மாதங்களுக்கு மேலும் ஆகும். தஞ்சைப் பகுதியில் விளையும் நாட்டு வகைகளுக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. எனினும் கோடையில் முற்றும் தார் விரைவாகவும், மார்கழி, தை மாதங்களில் முற்றும் தார் சற்றுத் தாமதமாகவும் வெட்டுக்கு வருவது இதே காரணத்தினால்தான்.

கடும் வெயில் தாரை நேரடியாகவும் தாக்கும். மேற்குப் பக்கம் திறந்த தோட்ட ஓரங்களில் உள்ள தார்களின் மேல் சீப்புகள் வெந்து கறுத்துப் போகும். தாரின் காம்பு வெயிலில் வெடித்தால் அதன் வழியே அழுகல் நோய் புகும். இதனைத் தடுக்கக் கடைசி இலையை மடக்கிக் காம்பின்மீது போர்த்துவதும், காய்ந்த சருகால் தாரை மூடுவதும் வழக்கம்.

நீரும் வறட்சியும்

வாழை வேர்களிற் பெரும்பகுதி மண்ணின் மேல் 30 முதல் 40 செ.மீ. ஆழத்திற்குள்ளேயே பரவியுள்ளது. இலைகளோ மிக அகன்றவை. ஆகவே வாழை நிறைய நீரை வெளியிடும். ஆனால் ஆழத்திலிருந்து நீரை எடுக்க இயலாது. வாரத்திற்குக் குறைந்தது 25 மி.மீ. மழைக்கு ஈடான நீர் கிடைக்க வேண்டும். நீர் குறையும்போது நண்பகலில் இலையின் இரு பாதிகளும் நடுநரம்பின் இருபுறமும் கீழ்நோக்கி மடிந்து தொங்கும். இது வெயில்படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் இயற்கையான ஏற்பாடு. மாலையிலும் இலைகள் நிமிராவிடில் வாழை நீரின்றித் தவிக்கிறது எனக் கொள்ளலாம்.

வறட்சியின் விளைவு உடனடியாகக் கண்ணுக்குப் புலப்படாதது. ஒரு தாரில் எத்தனை சீப்புகள் அமையும் என்பது தார் வெளித்தள்ளுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே, பூமுனை பொய்த்தண்டின் அடியில் மறைந்திருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த வாரங்களில் நீர் குறைந்தால், பின்னர் எவ்வளவு நீரும் உரமும் இட்டாலும் சீப்புகளின் எண்ணிக்கை கூடாது. காய்கள் ஓரளவு பருக்கும், அவ்வளவே. தார் தள்ளும் தறுவாயில் நீர் குறைந்தால் பூத்தண்டு நீளாமல், தார் வாழையின் கழுத்திலேயே பாதி சிக்கிக்கொள்ளும். குளிர்நாடுகளில் இதே குறைபாடு குளிரால் உண்டாகிறது.

காவிரிப் பாசனத்தின் நாட்காட்டி இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, வழக்கமாகச் சூன் 12 அன்று திறக்கப்பட்டுச் சனவரி 28 அன்று மூடப்படும். நெல்லுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஆண்டு முழுவதும் நிலத்தில் நிற்கும் வாழைக்குப் பொருந்தாது. பிப்ரவரி முதல் சூன் நடுப்பகுதி வரை வாய்க்கால்கள் வறண்டிருக்கும் காலத்தில் வாழை, ஆழ்குழாய்க் கிணறுகளையும் படுகையின் மணலில் தேங்கிய ஊற்றுநீரையும் நம்பியே வாழ்கிறது. அந்நான்கு மாதங்களே வெயில் மிகுந்த மாதங்களாகவும் உள்ளன.

அணை திறப்பது தள்ளிப்போகும் ஆண்டுகளில் இடர் பெருகும். 2016-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை செப்டம்பர் 20 அன்றே பாசனத்திற்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. ஆறும் மழையும் ஒருங்கே பொய்த்த அவ்வாண்டில் நெற்பயிர் கருகியது பரவலாக அறியப்பட்டது. வாழை கருகி நிற்கவில்லை. சிறுத்த தார்களாகவும் மெலிந்த காய்களாகவும் இழப்பைக் காட்டியது. இத்தகைய இழப்பு செய்தியாவது குறைவு.

வறட்சியைத் தாங்கும் ஆற்றல் வகைக்கு வகை வேறுபடும். இன்றைய வாழைகள் இரு காட்டினங்களின் வழிவந்தவை. அவற்றுள் மியூசா பால்பிசியானா என்னும் இனத்தின் மரபுக்கூறு மிகுந்த மொந்தன், கற்பூரவல்லி ஆகியவை நீர்க்குறைவை ஓரளவு தாங்குகின்றன. பூவன், இரசுதாளி, நேந்திரன் ஆகியவை இடைநிலையில் உள்ளன. மியூசா அக்குமினேட்டாவின் கூறுகளை மட்டுமே கொண்ட கிராண்ட் நைன் போன்ற கேவண்டிசு வகைகள் மிகவும் நீர்வேட்கை உடையவை.

மிகைநீரும் வெள்ளமும்

நீர் இல்லாமல் தவிக்கும் அதே வேர்கள் நீர் தேங்கினாலும் விரைவில் அழிகின்றன. மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர்கள் மூச்சடைத்து அழுகும், கீழிலைகள் மஞ்சளாகும், வெயில் வந்தவுடன் செடி வாடும். நீர் சூழ்ந்த வயலில் நின்றுகொண்டே வாழை நீரின்றி வாடுவதைப் போல் இது தோற்றமளிக்கும். ஓடும் வெள்ளத்தைவிடத் தேங்கி நிற்கும் நீரே கூடுதல் தீங்கு விளைவிக்கிறது. நெல் வயலை மாற்றி வாழை வைத்த நன்செய் நிலங்களில், வரிசைகளுக்கு இடையே ஆழமான வடிகால் வாய்க்கால் எடுப்பது இக்காரணம் பற்றியே.

2008 நவம்பரில் நிசா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தபோது, தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.-க்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. காற்றைவிட மழையே அதில் பெருந்தீங்கு செய்தது.

படுகை வாழைக்கு வேறொரு வெள்ளமும் உண்டு. அது உள்ளூர் மழையால் வருவதன்று. கருநாடகத்தின் குடகு, கேரளத்தின் வயநாடு ஆகிய மலைகளில் தென்மேற்குப் பருவமழை மிகுந்து பெய்யும்போது, திருவையாற்றில் வானம் தெளிவாக இருக்கையிலேயே ஆடி, ஆவணி மாதங்களில் கொள்ளிடம் பெருகும். 2018 ஆகத்து மாதத்தில் மேட்டூரிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபோது, திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் பழைய பாலம் இடிந்தது. முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் ஆகத்து 22 அன்று அடித்துச் செல்லப்பட்டன. 2022 ஆகத்து மாதத்திலும் நீர்வெளியேற்றம் நொடிக்கு 2 இலட்சம் கன அடியைத் தாண்டியது. கொள்ளிடக் கரைகளுக்குள் இருந்த வாழைத் தோட்டங்கள் மூழ்கின. தை, மாசியில் நட்ட வாழை அப்போது ஆறு ஏழு மாதப் பயிராகப் பூமுனை கட்டும் நிலையில் இருக்கும். வெள்ளம் சில நாட்களில் வடிந்தால் வாழை பிழைக்கலாம். ஆனால் வண்டல் படிந்த குருத்து அழுகுவதும், வாடல் நோயின் பூசண வித்துகள் நீரோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதும் பின்தொடரும் கேடுகளாகும்.

காற்று

வாழைக்குக் கட்டை கிடையாது; மேலோட்டமான வேர்கள்; பாய்மரம் போன்ற இலைகள்; ஒரு பக்கமாகத் தொங்கும் கனமான தார். காற்றில் விழுவதற்கென்றே அமைந்தது போன்ற உடலமைப்பு இது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டும் காற்றில் தார் ஏந்திய வாழைகள் முறியவோ வேரோடு சாயவோ தொடங்கும். 100 கி.மீ. வேகத்தில் தோட்டம் முழுவதும் அழியும்.

இலைகள் ஓரளவு கிழிவதால் பெரிய தீங்கு இல்லை. கிழிந்த இலை எளிதில் வெப்பத்தை இழப்பதால் கோடையில் அது நன்மையாகவும் அமையலாம். 5 செ.மீ.-க்கும் குறுகிய நாடாக்களாகக் கிழிந்தால்தான் உணவு உற்பத்தி குறைந்து தாரின் எடை பாதிக்கப்படுகிறது. இது தாருக்காக வளர்ப்பவரின் கணக்கு. திருவையாற்றுப் பகுதியில் இலைக்காகவே வாழை, குறிப்பாகப் பூவன், வளர்ப்போரும் உள்ளனர். அவர்களுக்கு ஒரு கிழிசலே போதும், இலை விலைபோகாது. விருந்துக்குரிய நுனி இலை, கிழிந்தபின் உணவகத்துக்குரிய துண்டு இலையாகவோ மாட்டுத்தீவனமாகவோ தரம் தாழ்கிறது. திருமணங்கள் மிகுந்த ஆவணியில் இலைக்கு நல்ல விலை உண்டு. அதற்கு முந்தைய ஆடி மாதமோ மேலைக்காற்று வீசும் மாதம். இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்திருப்பது இலைத்தோட்டக்காரரின் நிலையான கவலை.

இப்பகுதியில் வாழைக்குக் கேடு செய்யும் காற்று ஆண்டில் மும்முறை வருகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்று முதலாவது. இது மாலைவேளையில் சில நிமிடங்களே வீசும்; ஒரு குறுகிய தடத்தில் உள்ள தோட்டங்களை மட்டும் சாய்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தை அப்படியே விட்டுச்செல்லும். ஆடி மாதக் காற்று இரண்டாவது. இது நாள்தோறும் வீசி இலைகளைக் கிழித்து, ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி முதல் மார்கழி வரையிலான புயல்கள் மூன்றாவது.

புயல்களுள் 1952 நவம்பர் இறுதியிலும் 1977 நவம்பரிலும் நாகப்பட்டினம் அருகே கரை கடந்தவை பழைய தஞ்சை மாவட்டத்திற்குப் பேரழிவை உண்டாக்கின. அண்மைக் காலத்தில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கசா புயல், மணிக்கு 100 கி.மீ.-க்கும் கூடுதலான வேகத்துடன் தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதி வழியாகச் சென்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் எண்ணற்ற தென்னைகள் வீழ்ந்தன. அவ்விழப்பே இன்றும் பேசப்படுகிறது. தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் அது இயல்பே. வாழையோ அடுத்த ஆண்டே மீண்டும் நட்டு வளர்க்கப்பட்டுவிடுவதால் அதன் இழப்பு நினைவில் தங்குவதில்லை. ஆனால் கடன்பெற்றுக் குத்தகை நிலத்தில் பயிரிட்டவருக்கு அந்த ஓராண்டே பெரிதாகும்.

பொங்கல் தாரும் புயல் பருவமும்

இப்பகுதி வாழையின் மிகப்பெரிய சந்தை பொங்கலையொட்டி அமைகிறது. கரும்பு, மஞ்சள் கொத்து ஆகியவற்றுடன் வாழைத்தாரும் பொங்கற் சீர்வரிசையில் இடம்பெறுவதால், சனவரி இரண்டாம் வாரத்தில் தாரின் விலை உயரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி படுகை நிலங்களுக்குரிய நடவுப் பருவங்கள் சனவரி–பிப்ரவரி, ஆகத்து–செப்டம்பர் ஆகியவையாகும். நன்செய் நிலங்களில் பூவன், மொந்தன், இரசுதாளி, கற்பூரவல்லி ஆகியவற்றுக்குப் பிப்ரவரி–ஏப்ரல், நேந்திரனுக்கு ஏப்ரல்–மே.

சனவரியில் வெட்டப்படும் தார் செப்டம்பர், அக்டோபரில் தள்ளியதாக இருக்க வேண்டும். அதாவது, நல்ல விலை பெறும் தார் ஒவ்வொன்றும் வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களையும் வாழையின் தலையில் தொங்கியபடியே கடந்தாக வேண்டும். வாழை மிகவும் தலைகனத்து நிற்கும் காலமும், மண் நனைந்து வேர்ப்பிடிப்புத் தளர்ந்திருக்கும் காலமும், வங்கக்கடலில் புயல்கள் உருவாகும் காலமும் ஒன்றே. புயல் எச்சரிக்கை கிடைத்தாலும் முற்றாத தாரை வெட்டி விற்க இயலாது. மொந்தன் போன்ற கறிவாழைக்கு மட்டும் குறைந்த விலையேனும் கிடைக்கும்.

இந்த இடரைத் தவிர்க்க நடவை முன்தள்ளினால் தார் கோடைச் சூறையில் சிக்கும். பின்தள்ளினால் பொங்கல் விலை கிட்டாது. ஆகவே சில விவசாயிகள் தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஓரிரு மாத இடைவெளியில் நடுகின்றனர். இதனால் ஒரே காற்றில் அனைத்தும் அழிவது குறையும். வருவாயும் பலமுறையாகப் பிரிந்து கிடைக்கும். ஆயினும் பொங்கலின் முழு ஆதாயம் கிடைப்பதில்லை.

பழத்தின் தரம்

வானிலை பழத்தின் தரத்தைப் பல வகையில் மாற்றுகிறது. காய் பருக்கும்போது நீர் குறைந்தால் காய்கள் கோணல் கோணலாகவும் முனைப்புகள் மழுங்காமலும் நிற்கும். அத்தகைய காய் பழுத்தாலும் சதைப்பற்று குறைவாகவே இருக்கும். நீண்ட வறட்சிக்குப்பின் திடீரென மழை பெய்தால், சதை விரைந்து பருக்க, தோல் ஈடுகொடுக்காமல் பழம் வெடிக்கும். தோல் மெல்லிய இரசுதாளியில் இது மிகுதி. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் ஒளி குறைந்து காய்கள் மெதுவாகவே பருக்கும். காற்றில் இலைக்காம்புகள் உராய்வதால் தோலில் கரும்புள்ளிகளும் கீறல்களும் ஏற்படும். சுவைக்கு இதனால் கேடில்லை எனினும் சந்தையில் விலை குறையும்.

வெட்டியபின்னும் வெப்பநிலையின் ஆட்சி தொடர்கிறது. காயிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதும், தோலின் பச்சையம் சிதைந்து மஞ்சளாவதும் தனித்தனி நிகழ்வுகள். கேவண்டிசு வகைகளில் 24 பாகைக்கு மேல் பழுக்க வைத்தால் சதை கனிந்துவிடும்; தோலோ பச்சையாகவே நிற்கும். அதனால்தான் பச்சைப்பழம் நம் ஊர்களில் பச்சையாகவே கனிகிறது. அதே வகையைக் குளிரூட்டிய அறையில் 14 முதல் 18 பாகைக்குள் பழுக்க வைத்தால் பொன்மஞ்சள் நிறம் பெறும். பூவன் உள்ளிட்ட பல நாட்டு வகைகள் வெப்பத்திலும் நன்கு மஞ்சளாகின்றன.

13 பாகைக்குக் கீழான குளிரில் வாழைப்பழத் தோலின் அடியிலுள்ள குழாய்கள் பழுப்பேறி, தோல் மங்கிக் கறுக்கும். திருவையாற்றுத் தோட்டங்களில் இவ்வளவு குளிர் வருவதில்லை. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழம் கறுப்பதற்கு இதுவே காரணம்.

மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் மரபுமுறையிலும் பருவத்தைப் பொறுத்தே நேரம் அமைகிறது. அடைத்த அறையில் தார்களை அடுக்கிப் புகையிடும்போது, கோடையில் ஒரு நாளுக்குள் முடியும் வேலைக்கு மார்கழி, தையில் இரண்டு நாட்கள் வரை ஆகும். புகையிலுள்ள எத்திலீன் போன்ற வளிகளும் அறையின் வெப்பமும் சேர்ந்தே பழுக்க வைக்கின்றன. கால்சியம் கார்பைடு கற்களைக் கொண்டு பழுக்க வைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது.

நோய்களும் பூச்சிகளும்

சிகடோகா எனப்படும் இலைப்புள்ளி நோய் மழைக்காலத்தில், இலைகள் நீண்டநேரம் நனைந்திருக்கும்போது பரவுகிறது. தார் தள்ளிய பிறகு இந்நோய் வருவது மேலே கூறிய காரணத்தால் பேரிழப்பைத் தரும். பனாமா வாடல் நோய் மண்வழி, நீர்வழிப் பரவுவது; இரசுதாளி இதற்கு எளிதில் இரையாகிறது. முடிக்கொத்து நோயை அசுவினிகள் பரப்புகின்றன. வெப்பமும் ஈரமும் ஒருசேர மிகும்போது கிழங்கழுகல் தோன்றும். தண்டுக் கூன்வண்டு குடைந்த வாழை, உடலமைப்பு வலுவிழந்திருப்பதால், சிறிய காற்றுக்கே முறிந்துவிடும்.

பாதுகாப்பு முறைகள்

முட்டுக் கொடுத்தலே பரவலான முறை. சவுக்குக் கழியையோ இரண்டு மூங்கில்களைக் கத்தரிபோல் கட்டியோ, தார் சாய்ந்துள்ள பக்கத்திலிருந்து வாழையின் கழுத்துக்குத் தாங்கல் கொடுப்பர். அடுத்தடுத்த வாழைகளைக் கயிற்றால் பிணைப்பதும் உண்டு. ஆயிரம் வாழைக்கு ஆயிரம் கழிகள் வேண்டும் என்பதால் இது சாகுபடிச் செலவில் கணிசமான பங்கைப் பெறுகிறது. கழிகள் சில ஆண்டுகளுக்குப் பயன்படும். வழக்கமான சூறைக்காற்றில் முட்டு வாழையைக் காக்கும். பெரும்புயலில் கழியோடு சேர்ந்தே வாழை விழும்.

தோட்டத்தின் மேற்கு, தென்மேற்கு ஓரங்களில் சவுக்கு, அகத்தி ஆகியவற்றை நெருக்கமாக நட்டுக் காற்றைத் தணிப்பது, அடிமரத்திற்கு மண் அணைப்பது, பக்கக்கன்றுகளை அவ்வப்போது நீக்குவது, சருகையும் வைக்கோலையும் பரப்பி மண்ணின் ஈரம் காப்பது, சொட்டுநீர் பாய்ச்சுவது ஆகியவை பிற முறைகள்.

திருச்சிராப்பள்ளியில் 1993-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தால் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், காவிரிப் பகுதிக்கு மிக அண்மையில் உள்ள வாழை ஆய்வு நிறுவனமாகும். அதன் வெளியீடுகளுள் ‘காவேரி கல்கி’ என்பது கற்பூரவல்லியை ஒத்த, குட்டையான வகை, முட்டுத் தேவைப்படாதது. ‘காவேரி சபா’ வறட்சியையும் உவர், களர் நிலத்தையும் தாங்குவது. ஆயினும் இலை, பழம், பூ, தண்டு, நார் என ஐந்து வழியிலும் விலைபோகும் பூவனை விட்டு இப்பகுதியினர் எளிதில் மாறுவதில்லை. பூமாலை கட்டப் பயன்படும் வாழைநாரும் திருவையாற்றுப் பகுதியிலிருந்து வெளியூர்களுக்குச் செல்கிறது. சாய்ந்த வாழையிலிருந்தும் பட்டை உரித்து நாராக்க முடியும் என்பது இழப்பில் ஒரு சிறு ஈடு.

காப்பீடும் நிவாரணமும்

2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வாழை போன்ற தோட்டக்கலைப் பயிர்களுக்கு விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காட்டிற்கு மிகாது. இத்திட்டத்தில் இழப்பு பெரும்பாலும் ஒரு பகுதி முழுமைக்குமான சராசரி விளைச்சலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு புயலால் மாவட்டமே பாதிக்கப்படும்போது இம்முறை பயன்தரும். ஒரு தெருவின் தோட்டங்களை மட்டும் சாய்த்துச் செல்லும் வைகாசிச் சூறைக்காற்று பகுதியின் சராசரியை அசைப்பதில்லை. வானிலை அடிப்படையிலான காப்பீட்டிலும், இழப்பீடு வானிலை நிலையத்தில் பதிவாகும் அளவைப் பொறுத்ததேயன்றித் தோட்டத்தில் விழுந்த வாழைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி பெற, பயிர்ச்சேதம் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும். 2015-க்கு முன் இவ்வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. முறிந்து விழுந்த வாழையை எண்ணிக் கணக்கிடுவது எளிது. கிழிந்த இலைகளோடு நிமிர்ந்து நிற்கும் இலைத்தோட்டத்திலும், சீப்பு குறைந்த தார்களோடு பசுமையாகத் தோன்றும் வறட்சித் தோட்டத்திலும் கணக்கெடுக்க வரும் அலுவலருக்குக் காட்டுவதற்கு விழுந்த வாழை எதுவும் இருப்பதில்லை.